பட்டினித் தண்ணீர்

அந்த வருஷம் அக்டோபர் முடிந்தும் எங்கள் ஹோநாமிக் குடாவின் தண்ணீர் ஆறவே இல்லை. படகுத்துறைப் படியில் உட்கார்ந்து காலை விட்டால், குடிக்க மறந்து வைத்த தேநீரில் விட்ட மாதிரி இருந்தது. மலையில் இலையெல்லாம் சிவந்து உதிர ஆரம்பித்துவிட்டது. துவர்ப்புப் பழங்களைத் தோல் சீவி வீட்டுக்கு வீடு கூரையோரம் கட்டித் தொங்கவிட்டாயிற்று. குளிர்காலம் மலையிறங்கி வந்து கரையில் நின்றுகொண்டிருந்தது. கடல் மட்டும் அதை உள்ளே வா என்று சொல்லவில்லை.

என் பேர் கிவாகோ. வகாமே பாசியை அவித்து, உப்பிட்டு, நடுநரம்பு கிழிக்கிற கொட்டகைகளுக்குக் கூலிக்குப் போகிறவள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. பாசி வந்தால் எனக்கு வேலை. அதனால் தொகுஜி அண்ணன் வீட்டில் அந்தக் குளிர்காலம் நடந்ததில் நான் வெளியாள்தான் என்றாலும், முழுக்க வெளியாள் இல்லை.

எங்கள் குடாவில் வகாமே வளர்க்கிற வீடுகள் ஆறு. ஆறுக்கும் தலைவர் தொகுஜி அண்ணன். ஐம்பத்தாறு வயது, அகலமான தோள், பேச்சு குறைவு. விதை இறக்கும் நாளை அவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் ஆறு வீட்டுப் படகும் கிளம்பும். அவர் மனைவி யாச்சியோக்கா. வாரம் ஒரு தடவை குடா வாய்க்குப் போய் பாட்டிலில் தண்ணீர் மொண்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, டவுனில் இருக்கிற கடல் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிற வேலை அவருடையது. தண்ணீரில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று அங்கே பார்த்து ஒரு எண் சொல்வார்கள். இருபதுக்கு மேலே போனால் விதை இறக்கலாம். வகாமேக்கு வேர் கிடையாது. மண்ணில் எதையும் உறிஞ்சாது. இலை முழுக்க வாயாக வைத்துக்கொண்டு தண்ணீரிலிருந்தே தின்கிற ஜீவன். தண்ணீரில் இல்லையென்றால் அதற்கு வேறு கதியில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, யாச்சியோக்காவின் அண்ணன் எய்சாக்கு கொட்டகைக்குள் ஒரு புரி மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குடாவுக்கு வெளியே இருக்கிற நிலைவலைக்கு அவர்தான் மேஸ்திரி. அந்த மாதம் முழுக்க அவர் வலையில் புரி கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாடி தங்கச்சி. பத்துக் கிலோ இருக்கும். முள்ளங்கி போட்டு வேக வை. சாயங்காலம் வர்றேன்."

"மீனு உன்னோடது, முள்ளங்கி என்னோடதா?"

"முள்ளங்கி தர மாட்டேன்னா சொல்லிரு. மீனத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கேன்."

தொகுஜி அண்ணன் கயிற்று முறுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "உனக்கென்ன மச்சான். கடலு வெந்நீராக் கெடந்தாலும் உன் வலை நெறையுது."

"வெந்நீரு இல்ல மாப்ள, சுழி." எய்சாக்கு ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தார். "தெக்கேருந்து வர்ற கருநீரோட்டம் இருக்கே, அது வளைஞ்சு நெளிஞ்சு தன் ஒடம்புல ஒரு துண்ட அத்து வடக்க அனுப்பிருச்சு. அது தட்டாமால சுத்திக்கிட்டே வந்து நம்ம வாசல்ல உக்காந்திருக்கு. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போக விசைப்படகுக்கே ஒரு பகல் வேணும். அம்மாம் பெரிசு."

"எப்பப் போகும்?" என்று நான் கேட்டேன்.

"விருந்தாளியப் பாத்துக் கேக்குற கேள்வியா அது? சிலது வாரத்துல போகும். சிலது ஆறு மாசம் தங்கி, பேறுகாலம் பாத்துட்டுப் போகும்." யாச்சியோக்கா ஊற்றிக் கொடுத்த தேநீரை ஊதிக் குடித்தார். "நடுவுல போயிப் பாத்தேன். அப்படி ஒரு நீலம். வாளியக் கட்டி எறக்குனா பத்துப் பதினஞ்சு பாகம் ஆழம் வரைக்கும் வெள்ளையாத் தெரியுது. டவுன்காரன் பாத்தா போட்டோ புடிச்சுச் சட்டம் போட்டு மாட்டுவான். மொண்டு பாத்தா ஒரு தூசி கெடையாது. தின்ன ஒண்ணுமில்லாத தண்ணி. பட்டினித் தண்ணி. மீனெல்லாம் ஓரத்துலதான். ஓரத்துல நம்ம வடக்குக் குளிர்தண்ணி வந்து உரசுது பாரு, அங்க அடியில கெடக்குற சத்து மேல கெளம்புது. கண்ணுக்குத் தெரியாத பாசித்தூளு பச்சையாப் பூக்குது. அதத் தின்னக் கூனி எறாலு, கூனியத் தின்ன நெத்திலி, நெத்திலியத் தின்னப் புரி."

"புரியத் தின்ன நீ" என்றார் யாச்சியோக்கா. "ஓரம் உனக்கு. நடு எங்களுக்கு. நல்லாத்தான் பங்கு வச்சிருக்கு."

எய்சாக்கு வாய்விட்டுச் சிரித்தார். தொகுஜி அண்ணன் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் எண் வரட்டும் வரட்டும் என்று அவர் பத்து நாள் நிறுத்திவைத்தார். பக்கத்துக் குடாக்காரர்கள் முந்திக்கொண்டு இறக்கி, மார்ச் முதல் ஏலத்துக்கு நீளமான பாசியோடு போய் நின்றார்கள். எங்களுடையது அப்போது முழங்கை நீளம்தான். கூட்டத்தில் ரியோகிச்சி எழுந்து, "நம்ம தலைவரு அம்மா வயித்துல பொறக்கல, பாட்டிலுக்குள்ள பொறந்தவரு" என்றான். ரியோகிச்சியும் தொகுஜி அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவர் படகுக்கு இன்னொருவர் சாயம் அடிப்பார்கள். அதனால் அந்தப் பேச்சு சிரிப்போடு போனது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நவம்பர் இரண்டாம் தேதி தொகுஜி அண்ணன் ஆறு வீட்டுக்கும் போன் போட்டார். நாளைக்கு இறக்கலாம்.

யாச்சியோக்கா கயிறு சுற்றிக்கொண்டே கேட்டார்: "நம்பரு வந்துருச்சாங்க?"

"வந்துச்சு."

"எவ்வளவு?"

"போதுமான அளவு வந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் ஆறு வீட்டு ஆட்களும் கொட்டகையில் கூடினோம். ஜூலையில் விதை பிடித்த நூலைச் சட்டங்களில் சுற்றி, கோடை முழுக்கக் குடாவில் தொங்கவிட்டு வைத்திருப்பார்கள். நூலின்மேல் பழுப்பு மயிர் முளைத்த மாதிரி, நகக்கண் அளவுக்குக் குருத்து. அந்த நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி, பெரிய கயிற்றின் முறுக்கை இரும்பு ஊசியால் பிளந்து, முழத்துக்கு ஒன்றாகச் செருக வேண்டும். இருநூறு மீட்டர் கயிறு. ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கயிறு, தலைவர் வீட்டுக்கு மட்டும் அதில் இரண்டு மடங்கு. குருத்து காயக் கூடாது; பேசிக்கொண்டே செய்தாலும் கை நிற்கக் கூடாது. சோற்று உருண்டையை இடது கையில் வைத்துக்கொண்டே வலது கையால் செருகுகிற பெண்கள் உண்டு. நான் அதில் ஒருத்தி.

யாச்சியோக்கா தங்கள் சட்டங்களில் பாதியை மட்டும்தான் எடுத்து வந்தார்.

"மீதி எங்க?" என்றார் தொகுஜி அண்ணன்.

"கெடக்கட்டும். எல்லா அரிசியையும் ஒரே பானைல போடுற வழக்கம் எங்கம்மா வீட்டுல கெடையாது."

அந்த மீதிச் சட்டங்களை அவர் இரண்டு நாள் முன்பே கீழே இறக்கிவிட்டிருந்தார். மேல்தண்ணீரில் மூன்று பாகத்தில் தொங்கியதைப் பத்துப் பாகத்துக்கு. அடியில் கொஞ்சமாவது குளிர்ச்சி இருக்கும், கொஞ்சமாவது சத்து இருக்கும் என்று. வெளிச்சம் குறைவு, அதனால் குருத்து வளராது. ஆனால் சாகாது.

பதினைந்து நாள் கழித்து ரியோகிச்சிதான் முதலில் கயிற்றைத் தூக்கிப் பார்த்தான். நூல் இருந்தது. நூலின்மேல் ஒன்றுமில்லை. முதல்நாள் வாங்கின கயிறு மாதிரி சுத்தமாக இருந்தது. அடுத்த கயிறும் அப்படியே. மத்தியானத்துக்குள் ஆறு வீட்டுக் கயிறும் தூக்கிப் பார்த்தாயிற்று. குருத்தெல்லாம் பட்டினி கிடந்து, வெளுத்து, பிடி விட்டு உதிர்ந்துவிட்டது. ஐந்து வீடுகள் கடைசி நூல் வரைக்கும் இறக்கியிருந்தன.

மறுநாள் நான் கொட்டகையில் மிதவைகளில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தொகுஜி அண்ணன் படகில் இருந்தார். யாச்சியோக்கா சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார்.

"போன மாசம் முப்பத்தொண்ணாந்தேதி பாட்டிலு, ஹோநாமி. எண் என்னங்க வந்துச்சு?"

அந்தப் பக்கம் இளைஞன் குரல் தாளைப் புரட்டியது. "ஒன்பதுங்க. அன்னைக்கே உங்க தலைவருக்கு அனுப்பிட்டோம். இறக்க வேண்டாம்னு நானே போன்லயும் சொன்னேங்க. ஏன், இறக்கிட்டீங்களா?"

"சரிங்க. சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

என் பக்கம் திரும்பினார். நான் சிப்பியைப் பார்த்தேன். "நீ கேட்டது கேட்டதுதான், கிவாகோ. கேக்காத மாதிரி நடிக்காத. ஆனா வெளிய போகக் கூடாது."

மத்தியானம் மூன்று பேருக்கும் சோறு வைத்தார். எய்சாக்கு கொடுத்த புரி, முள்ளங்கியோடு. தொகுஜி அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டதும் யாச்சியோக்கா கேட்டார்: "ஏங்க, ஒம்பதுக்கும் இருபதுக்கும் நடுவுல எத்தனை இருக்கு?"

அண்ணனின் கை நின்றது. எழுந்து போக நான் பாத்திரத்தை எடுத்தேன். "உக்காரு" என்றார் யாச்சியோக்கா. உட்கார்ந்தேன்.

"அஞ்சு நாள்ல ஆறிரும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். "செயற்கைக்கோள் படத்துல சுழி கொஞ்சம் வெலகியிருந்துச்சு. இன்னும் வெலகும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"உங்கிட்டச் சொன்னா நீ விடமாட்ட."

"அப்போ தப்புன்னு தெரிஞ்சிருக்கு."

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "கீழ வச்சிருக்கயே அந்தச் சட்டம், அத்தனையையும் அஞ்சு வீட்டுக்கும் பிரிச்சுக் குடுத்துருவோம். நமக்கு ஒரு நூலு வேண்டாம். இந்த வருஷம் நான் எய்சாக்கு வலைக்குக் கூலிக்குப் போறேன். அது போதாதா?"

"குடுக்கறது வேற. சொல்றது வேற. ரெண்டும் செய்யணும்." மீனை இன்னும் ஒரு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க. ஆறிப்போகுது."

மறுநாளே ரியோகிச்சி முன்னால் வர, ஐந்து வீட்டுக்காரர்களும் கூடையோடு வந்துவிட்டார்கள். அண்ணன் போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறார். சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கே செருகிவிடலாம் என்று எல்லோருக்கும் அவசரம். இரண்டு நாள் வாடை அடித்ததில் மேல்தண்ணீர் கொஞ்சம் ஆறியிருந்தது.

யாச்சியோக்கா கொட்டகை வாசலில் நின்றார். "பங்கு உண்டு. எல்லாருக்கும் உண்டு. ஆனா எண் இருபது வராம ஒரு நூலு தண்ணியவிட்டு மேல வராது."

"தண்ணி ஆறிருச்சு மதினி" என்றான் ரியோகிச்சி. "கைய விட்டுப் பாருங்க."

"கைக்குத் தெரியறது சூடு. சத்து கைக்குத் தெரியாது. ஆறுன தண்ணியும் வெறுந்தண்ணியா இருக்கலாம்."

"எண்ணு பாத்துத்தான போன தடவ இறக்குனோம்? என்ன ஆச்சு?"

என் நாக்கு வாய்க்குள் துள்ளியது. அண்ணன் கொட்டகைக்குள்ளே கயிற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ரியோகிச்சி கூடையைக் கீழே வைத்தான். "ஒரு விஷயம் எனக்குப் புரியல மதினி. நாங்க அஞ்சு வீடும் மொத்தமா இறக்குனோம். நீங்க மட்டும் பாதிய நிறுத்தி வச்சீங்க. பாட்டிலு மொள்ளுறவங்க நீங்க. உங்களுக்கு மட்டும் ஏதோ தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிட்டு இருந்திருக்கீங்க."

"ரியோகிச்சி" என்றார் அண்ணன் உள்ளேயிருந்து. அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

யாச்சியோக்கா ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு ரியோகிச்சியிடம், "நீ என்ன வேணா நெனச்சுக்க. இருபது" என்றார்.

போகிற வழியில் அவர்கள் பேசியது காற்றில் நன்றாகவே கேட்டது. பதுக்கிவச்சிருக்கா. தனியா இறக்கி முதல் ஏலத்துக்குப் போகப் போறா. கூட்டுறவுக் கடையில் நொபுவே, ரியோகிச்சியின் மனைவி, எனக்கு முகம் கொடுக்கவில்லை. எனக்கு! நான் அவள் கல்யாணத்துக்குச் சோறு வடித்தவள்.

பத்து நாள் அப்படித்தான் போனது. எண் பதினொன்று. அப்புறம் பன்னிரண்டு. யாச்சியோக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வேலையில் ஒரு பிசகு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் படகில் போய், பத்துப் பாகத்திலிருந்து ஒரு சட்டத்தை மேலே இழுத்து, குருத்து உயிரோடிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இறக்குவார். அண்ணன் படகை ஓட்டுவார். இரண்டு பேரும் படகில் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. கரையில் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் கடைசியில் எய்சாக்கு வந்தார். இந்தத் தடவை தோளில் மீனில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"புரி பாதியாக் கொறஞ்சு போச்சு. இன்னிக்கு வலைல சால்மன் நாப்பது. ஒண்ணைக் கிழிச்சேன். வயித்துல என்ன இருந்துச்சுன்னு பாரு."

பைக்குள் சிவந்த கூழ் மாதிரி கூனி. இங்கே மார்ச் மாதத்துக் குளிருக்கு வருகிற, குளிர்தண்ணீரிலேயே பிறந்து குளிர்தண்ணீரிலேயே சாகிற பெரிய கூனி.

யாச்சியோக்கா விரலால் எடுத்துப் பார்த்தார். "எங்க தின்னுச்சு இதை?"

"அதத்தான் சொல்ல வந்தேன். பெரிய படகுல வெளிய போறேன், நாளைக்கு விடிஞ்சதும். பாட்டில எடுத்துக்கிட்டு வா."

நானும் போனேன். கூப்பிடவில்லை, நானே பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். மூன்று மணி நேரம் கிழக்கே. தண்ணீர் நீலம், நீலம், மேலும் நீலம். படகின் நிழல் கீழே வெகு ஆழத்துக்குப் போனது. ஒரு பறவை கிடையாது. எய்சாக்கு வெப்பமானியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்: பதினேழு, பதினேழு, பதினேழரை. பிறகு படகை வடக்கே திருப்பினார்.

முதலில் பறவைகள் தெரிந்தன. அப்புறம் நுரை. கடலின்மேல் யாரோ கோடு கிழித்த மாதிரி, கண்ணுக்கெட்டிய வரை ஒரு நுரைக்கோடு. அதில் மரக்கட்டை, பாசிக்கற்றை, உடைந்த மிதவை எல்லாம் ஒதுங்கிக் கிடந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீலம். அந்தப் பக்கம் கலங்கிய பச்சை, பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி. படகின் மூக்கு பச்சையில் இருக்கும்போது நாங்கள் நின்ற பின்பக்கம் இன்னும் நீலத்தில் இருந்தது. எய்சாக்கு கத்தினார்: "பதினாலு! பன்னண்டு! ஒம்பதரை!" மூச்சு வெளியே வருவது புகையாகத் தெரிந்தது. அவ்வளவு சடாரென்று குளிர்.

யாச்சியோக்கா வாளியை வீசி மொண்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் சும்மா இல்லை. பொடிப்பொடியாகத் துள்ளியது. நடுவில் கூனி, கண்ணாடி உடம்பும் கரிய கண்ணுமாக. எனக்குக் கையை விடவே கூச்சமாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஓங்கில் என்கிற டால்பின் கூட்டம் ஒன்று வட்டம் போட்டது. நடுவில் மீன் கொதித்தது. மேலே பறவை விழுந்து விழுந்து எழுந்தது.

"இது சுழியோட ஓரம்" என்றார் எய்சாக்கு. "சுத்துற சுத்துல வடக்குத் தண்ணிய ஒரு கை மாதிரி இழுத்துக்கிட்டு வருது. இந்த வடக்குத் தண்ணிக்குத் தாய்நீரோட்டம்னு பேரு வச்சவன் சும்மா வைக்கல. பாலு சொரக்குற தண்ணி இது. போன வாரம் இந்தக் கோடு இன்னும் பதினஞ்சு மைல் அந்தாண்ட இருந்துச்சு. கரைப் பக்கமாத் திரும்புது."

"எப்ப வந்து சேரும்?"

"அஞ்சு நாளோ ஆறு நாளோ. வராமயும் போகலாம். சுழி என் பேச்சக் கேக்குமா?"

யாச்சியோக்கா இரண்டு பாட்டிலில் மொண்டு மூடி திருகினார். முகத்தில் தண்ணீர் தெறித்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "வரும்" என்றார். அவ்வளவு திடமாக அந்த வருஷம் யாரும் எதையும் சொல்லி நான் கேட்கவில்லை.

டிசம்பர் நான்காம் தேதி குடாவில் மொண்ட தண்ணீருக்கு எண் முப்பத்தொன்று. படகுத்துறைப் படியில் நின்று பார்த்தாலே தெரிந்தது. அதுவரை அடிக்கல் தெரிந்த இடத்தில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. கலங்கல். எங்கள் குடாவுக்கு அதுதான் ஆரோக்கியம்.

மறுநாள் காலை பனி தூவிக்கொண்டிருந்தது. ஐந்து வீட்டுக்காரர்களும் கொட்டகைக்கு வந்தார்கள். சட்டங்கள் தொட்டியில் வரிசையாக நின்றன; பழுப்பு மயிர் உதிராமல் இருந்தது. ஆறு பங்காக யாச்சியோக்கா பிரித்து வைத்திருந்தார். ஒரு பங்கு என்பது ஒரு வீட்டுக்கு நாலு கயிற்றுக்குத்தான் வரும், அதுவும் இடைவெளி விட்டு நட்டால். அவர்கள் கையை நீட்டும் முன்னால் தொகுஜி அண்ணன் நடுவில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க. முப்பத்தொண்ணாந்தேதி எண் ஒம்பது. எனக்கு வந்துச்சு. இறக்க வேண்டாம்னும் சொன்னாங்க. நான் இறக்கச் சொன்னேன். யாச்சியோவுக்குத் தெரியாது. அவகிட்டயும் பொய்தான் சொன்னேன். பாதியை நிறுத்துனது அவ வழக்கம். அன்னிக்கு நீங்க அவள அப்படிப் பேசுனப்ப நான் உள்ள நின்னுக்கிட்டு வாயத் திறக்கல. அதுவும் என் தப்புதான். தலைவர் வேலைக்கு இனிமே வேற ஆளப் பாத்துக்குங்க."

குனிந்து வணங்கி, குனிந்தபடியே நின்றார்.

யாரோ ஒருவர் இருமினார். கடைசி வீட்டுப் பெரியவர் முதலில் நகர்ந்து, தன் பங்குச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் "எழுந்திருப்பா, முதுகு புடிச்சுக்கும்" என்றார். மற்ற மூன்று பேரும் எடுத்தார்கள்.

ரியோகிச்சி எடுக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கி நடந்தான். வாசலைத் தாண்டும்போது யாச்சியோக்காவைப் பார்த்துத் தலையை ஒரு தடவை தாழ்த்தினான். அண்ணனைப் பார்க்கவில்லை.

அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் செருகல் வேலை. கையுறையில் பனி உறைந்தது. ஊசியைப் பிடித்த விரல் எது, ஊசி எது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் முடித்துவிட்டார்கள். குடாவில் ரியோகிச்சியின் கயிறுகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. தொகுஜி அண்ணன் ரியோகிச்சியின் பங்கைப் படகில் ஏற்றினார். தன் பங்கில் இன்னும் செருகாமல் வைத்திருந்ததையும் ஏற்றினார்.

"முழுசாவா?" என்று யாச்சியோக்கா கேட்டார்.

"முழுசா."

"நமக்கு ரெண்டு கயிறுதான் மிஞ்சும்."

"தெரியும்."

யாச்சியோக்கா உள்ளே போய் ஒரு சூடான தேநீர்க் குடுவையைக் கொண்டுவந்து படகில் வைத்தார். அண்ணன் இரண்டு நாள் தனியாகவே போய், ரியோகிச்சியின் கயிற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து தூக்கிப் படகின் விளிம்பில் போட்டு, அங்கேயே செருகினார். தனியாளாகச் செய்யக்கூடிய வேலை இல்லை அது. ரியோகிச்சி வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான். திரை விலகியிருந்தது என்று நொபுவே பிற்பாடு சொன்னாள். "பாத்துக்கிட்டே இருந்தாருக்கா. வேணாம்னும் சொல்லல, வெளியவும் போகல. ரெண்டு நாளு தேநீரு ஆற ஆற நான் மாத்தி மாத்தி ஊத்துனேன்."

புத்தாண்டுக்கு ரியோகிச்சி வீட்டிலிருந்து அரிசிக் கொழுக்கட்டை வரவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து அனுப்பியது திரும்பியும் வரவில்லை. கூட்டத்தில் கடைசி வீட்டுப் பெரியவரைத் தலைவராக்கினார்கள். ரியோகிச்சி மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் மட்டும் தன் வேலையைச் செய்தது. ஜனவரியில் எண் எண்பதைத் தாண்டியது. சுழி தெற்கே எங்கேயோ நகர்ந்து, கரைந்து, இல்லாமல் போய்விட்டது என்று எய்சாக்கு சொன்னார்.

பிப்ரவரி முதல் வாரம் குருத்துக் களையும் வேலை. அடர்ந்து வளர்ந்த குருத்தை அறுத்துக் குறைத்து, மிச்சத்துக்கு இடம் விடுகிற வேலை. அந்த வருஷம் யார் கயிற்றிலும் களையும் அளவுக்கு அடர்த்தி இல்லை, ஒரு வீட்டைத் தவிர. நொபுவே எனக்கு ஆள் அனுப்பினாள். நான் ரியோகிச்சியின் படகில் போனேன். பல் கிட்டுகிற குளிர். அவன் ஒரு கயிற்றைக் கொக்கியால் தூக்கினான். தூக்க முடியவில்லை, நானும் பிடித்தேன். மேலே வந்தது, பழுப்பும் பொன்னுமாக, ஆளுயரத்துக்குக் கற்றை கற்றையாக. முழத்துக்கு ஒன்று செருக வேண்டிய இடத்தில் சாணுக்கு ஒன்று இருந்தது.

ரியோகிச்சி வெகுநேரம் அதையே பார்த்தான். அரிவாளைக் கையில் எடுத்தான், வைத்தான்.

ஐம்பது அடியில் தொகுஜி அண்ணன் தன் இரண்டு கயிற்றையும் பார்த்துக்கொண்டு படகில் நின்றார். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"டேய்!" என்று கத்தினான் ரியோகிச்சி. மலையில் மோதித் திரும்பி வந்தது. "எவன்டா உனக்கு இப்படி நெருக்கிச் செருகச் சொன்னது? டோக்கியோ ரயிலுல ஆளு ஏத்துற மாதிரி ஏத்தி வச்சிருக்க? இதையெல்லாம் எவன் களையிறது, உங்கப்பனா?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"நட்டவன் வந்து களைஞ்சுட்டுப் போடா!"

அண்ணன் இயந்திரத்தைக்கூடப் போடவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தே படகைக் கொண்டுவந்து ஒட்டினார். அரிவாளோடு தாண்டி ஏறினார். மூன்று பேர் எடையில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் நகர்ந்து பின்னால் உட்கார்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு அறுக்க ஆரம்பித்தார்கள். அறுத்த குருத்து வழவழவென்று கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு கயிறு முடிந்து இரண்டாவதில் பாதிக்கு வந்தார்கள்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?" என்றான் ரியோகிச்சி.

"தெரிஞ்சேதான்."

"போன வருஷம் நான் கேலி பண்ணுனதாலயா?"

அண்ணன் கையை நிறுத்தி யோசித்தார். "இல்ல. எனக்கே அவசரம்."

"கழுத."

"ஆமா."

ரியோகிச்சி மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு கயிற்றை அடுத்த முழத்துக்கு இழுத்தான்.

"இந்தப் பக்கம் ரொம்ப அறுத்துராத" என்றான். "இங்க நல்லா வந்திருக்கு."